வரைபடம் சரி, வேலைதான் சிக்குகிறது: பிராசஸ் மாடல் அமைவில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஒரு வேலை எந்தப் படிகளில், எந்த வரிசையில் நடக்கிறது என்று வரையும் படம்தான் பிராசஸ் மாடல். மதுரையில், துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி எடுக்கும் ஒரு சுங்குடி சேலைப் பட்டறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் மூன்று வகை: விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை, ஏற்றுமதியாளர், இணையத்தில் ஒற்றைச் சேலை வாங்குபவர். ஆளுக்கொரு வரைபடம் போட்டால் ஆறே மாதத்தில் மூன்றும் மூன்று திசைக்குப் போய்விடும். அதனால், வேலை ஓட்டத்தை வரையும் குறியீட்டு முறையான பி.பி.எம்.என் 2.0-ல் பொது வரைபடம் ஒன்றுதான். ஆர்டர், துணி எடுப்பு, முடிச்சுக்குக் கொடுத்தல், சாயம், முடிச்சு பிரித்தல், அலசல், கஞ்சி, செக்கிங், பேக்கிங், பில் என்று அது ஓடும். ஆளுக்கு ஆள் மாறும் இடங்களில் மட்டும் சுவிட்ச், ஒவ்வொன்றையும் எந்த நிலையில் வைப்பது என்பதே அமைவு:

முன்பணம் (உண்டு, இல்லை)
வடிவம் (கைமுடிச்சு, மெழுகு அச்சு)
நிற ஒப்புதல் (முதலில், இணையாக, இல்லை)
செக்கிங் (முழுதும், மாதிரி எடுத்து, சாயத்துக்குப் பின் மட்டும்)
ஆய்வகச் சோதனை (உண்டு, இல்லை)

இந்த ஐந்தில் மட்டும் 2×2×3×3×2 = 72 சேர்க்கை வருகிறது. அத்தனையும் நடைமுறைக்கு ஆகாது. 'ஆய்வகச் சோதனை உண்டு என்றால் நிற ஒப்புதல் இல்லை ஆகக் கூடாது' என்று ஒரு விதி எழுதினாலே 12 கழிந்து 60 ஆகும். இப்படிப்பட்ட விதிகளைச் சுவிட்ச் பட்டியலின் அடியிலேயே எழுதிவையுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பல, எழுதாமல் யாரோ ஒருவர் மனசில் மட்டும் வைத்திருந்த விதியால் வருபவை.

அறிகுறி: எல்லா சுவிட்சும் போட்டாச்சு, சரியா தப்பான்னு சொல்ல முடியவில்லை

தரத் தேவைக்கு அளவு இல்லை என்று அர்த்தம். 'சீக்கிரம்', 'நல்ல தரம்', 'கட்டுப்படியான விலை' என்ற சொற்களை வைத்துக்கொண்டு எந்தச் சுவிட்சையும் தேர்ந்தெடுக்க முடியாது. முதலாளியிடம் ஆசையைக் கேட்காதீர்கள், வந்த புகாரைக் கேளுங்கள். எண் தானாக வரும்:

"எத்தனை நாள்ல வேணும்ண்ணே?"

"சீக்கிரம்ப்பா. பார்ட்டி கேக்குறப்ப இருக்கணும்."

"போன தீபாவளிக்கு எத்தனை நாள் ஆனதுக்குண்ணே பார்ட்டி கோவிச்சாரு?"

"இருபது நாளாயிருச்சுப்பா. பதினஞ்சுக்குள்ள போயிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டாரு."

தேவை கிடைத்துவிட்டது: 15 நாள். அடுத்து, கடிகாரம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும். போனில் ஆர்டர் சொன்ன நேரமா, முன்பணம் வந்த நேரமா? லாரி ஷெட்டில் பண்டல் போட்ட நேரமா, கடையில் இறங்கிய நேரமா? பட்டறை ஒரு கணக்கிலும் கடைக்காரர் வேறு கணக்கிலும் எண்ணிக்கொண்டிருந்தால் மாடலை எத்தனை முறை மாற்றினாலும் சண்டை ஓயாது. தொடக்கம், முடிவு இரண்டையும் வரைபடத்தில் பெயர் சொல்லி நிகழ்வாக, அதாவது வட்டமாகப் போடுங்கள்.

ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வரி போதும்: யார் கேட்டது, எதை அளப்பது, எல்லை என்ன, எந்தச் சுவிட்ச் அதைத் தொடுகிறது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் தேவையை உங்கள் மாடலால் நிறைவேற்ற முடியாது. 'சாயம் போகக் கூடாது' என்ற தேவை பெரும்பாலும் இப்படித்தான் அநாதையாக நிற்கும். துவைப்பில் சாயம் நிற்பதை 1 முதல் 5 வரை தரம் போட்டு அளப்பார்கள், 5 சிறந்தது. ஏற்றுமதியாளர் 4 கேட்கிறார் என்றால் அது ஆய்வகச் சுவிட்சோடு நிற்காது, அலசல் படியையும் தொட வேண்டும். ரியாக்டிவ் சாயத்தில் இழையோடு பிடிக்காமல் தங்கிய சாயத்தை, கொதிக்கும் சூட்டில் சோப்பு போட்டு அலசித்தான் எடுக்க முடியும். வரைபடத்தில் 'அலசல்' என்று ஒரே பெட்டி இருந்தால் பச்சைத் தண்ணீர் அலசலும் அதுதான், சுடுதண்ணீர் அலசலும் அதுதான். பெட்டியை இரண்டாகப் பிரித்து, சுடுதண்ணீர் அலசலுக்குத் தனி சுவிட்ச் வையுங்கள்.

அறிகுறி: ஒரு படியை அணைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே நின்றுவிடுகிறது

அணைப்பதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றாகக் குழம்பியிருக்கிறது. 'தாண்டு' என்றால் படி நடக்காது, ஓட்டம் அதைக் கடந்து போகும். 'அடை' என்றால் அந்தப் பாதைக்குள்ளேயே யாரும் நுழைய முடியாது.

முடிச்சைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பச் சொல்கிறார் ஒரு வாடிக்கையாளர், கைமுடிச்சுதான் என்று அவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே 'முடிச்சு பிரித்தல்' தாண்டப்பட வேண்டும். அடைத்தால் சாயத்துக்கு அப்புறம் வழியே இல்லை, ஆர்டர் தொட்டியோடு நின்றுபோகும். அதே ஆர்டரில் மெழுகு அச்சுப் பாதையை அடைக்க வேண்டும். அதைத் தாண்டு என்று வைத்தால், முடிச்சும் போடாமல் அச்சும் போடாமல் வெறுந்துணி சாயத்துக்குப் போக ஒரு ஓட்டை திறந்திருக்கும். மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது என்பதால் இந்த இரண்டாவது தப்புதான் ஆபத்து.

வரிசையில் ஒற்றையாக நிற்கும் படிக்குத் தாண்டு மட்டும், கேட்வேயிலிருந்து (பாதை பிரியும் அல்லது சேரும் இடத்தில் போடும் சாய்சதுரம்) பிரியும் கிளைக்கு அடை. ஒரு கேட்வேயின் எல்லாக் கிளையையும் அடைக்க முடியாதபடி விதி எழுதிவையுங்கள்.

அறிகுறி: ஆர்டர் இணையும் இடத்தில் தூங்குகிறது, அல்லது ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் வருகிறது

பிரியும் கேட்வேயும் சேரும் கேட்வேயும் வேறு வேறு வகையில் இருக்கின்றன.

நிற ஒப்புதல் 'இணையாக' என்றால், ஒரு கிளையில் நிறத்துண்டு வாடிக்கையாளருக்குப் போகும், மறு கிளையில் முடிச்சு வேலை தொடங்கும். சாயத்துக்கு முன்னால் இரண்டும் பிளஸ் கேட்வேயில் சேரும், எல்லாக் கிளையும் வந்த பிறகே அது மேலே விடும். இப்போது சுவிட்சை 'இல்லை' என்று மாற்றி ஒப்புதல் கிளையை அடைத்துவிட்டு, சேரும் பிளஸை அப்படியே விட்டால் அது வராத டோக்கனுக்காக (ஆர்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் அடையாளம்) உட்கார்ந்திருக்கும். நேர்மாறாக, பிரியும் இடம் பிளஸாகவே இருக்க, சேரும் இடத்தை, வந்ததை வந்தவுடன் விடும் எக்ஸ் கேட்வேயாக மாற்றினால் இரண்டு டோக்கனும் தனித்தனியாகக் கடந்துபோகும். சாயச் சீட்டும் இரண்டு, பில்லும் இரண்டு.

பிரியும் கேட்வே எந்தச் சுவிட்சுக்குக் கட்டுப்பட்டதோ, சேரும் கேட்வேயையும் அதே சுவிட்சுக்குக் கட்டுவதுதான் தீர்வு. சோதிக்க மென்பொருள் தேவையில்லை, வரைபடத்தை ஏ3 தாளில் அச்சடித்து ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தொடக்க வட்டத்தில் ஒரு கொட்டை வையுங்கள்.
2. பிளஸில் பிரியும்போது கிளைக்கு ஒன்றாகக் கொட்டையைக் கூட்டுங்கள். எக்ஸில் ஒரு கிளைக்கு மட்டும் நகர்த்துங்கள்.
3. சேரும் பிளஸில், உள்ளே வரும் எல்லாக் கோட்டிலும் கொட்டை வந்த பிறகே ஒன்றாக்கி நகர்த்துங்கள். சேரும் எக்ஸில் வந்ததை வந்தவுடன் விடுங்கள்.
4. கடைசியில் முடிவு வட்டத்தில் ஒரு கொட்டை மட்டும் இருக்க வேண்டும், தாளில் வேறெங்கும் இருக்கக் கூடாது.

அறுபது சேர்க்கையையும் இப்படி ஓட்டத் தேவையில்லை. ஒவ்வொரு சுவிட்சின் ஒவ்வொரு நிலையும் ஒரு முறையாவது வருமாறு ஏழெட்டு ஓட்டம் ஓட்டினால் பெரும்பாலான சிக்கல் மாட்டிவிடும்.

அறிகுறி: செக்கிங்கைக் கூட்டினோம், ரிட்டர்ன் குறையவில்லை

செக்கிங் சுவிட்சை 'முழுதும்' ஆக்கி, செலவைக் கூட்டி, பலனே இல்லை என்று சோர்ந்துபோகும் இடம் இது. எத்தனை சதவீதம் பார்க்கிறோம் என்பதைவிட எந்த இடத்தில் பார்க்கிறோம் என்பதே முக்கியம்.

முதலில் ரிட்டர்ன் வந்த சேலைகளைப் பிரித்துப் போடுங்கள். சுங்குடியில் குறைகள் இரண்டு குணம் கொண்டவை. நிறம் மாறுவது, சாயம் போவது எல்லாம் தொட்டிக் குறை: ஒரு தொட்டியில் நனைந்த அத்தனை சேலைக்கும் ஒன்றுபோல் வரும். முடிச்சு தளர்ந்து சாயம் உள்ளே இறங்கி, புள்ளி கலங்கிப்போவது தனிச்சேலைக் குறை. பக்கத்துச் சேலை நன்றாகவே இருக்கும்.

தொட்டிக் குறைக்கு எல்லாச் சேலையையும் விரித்துப் பார்ப்பது வீண் வேலை. தொட்டிக்கு 2 சேலை போதும், ஆனால் அதைத் தொட்டியிலிருந்து எடுத்தவுடனே பார்க்க வேண்டும். அடுத்த தொட்டிக்கு அதே கலவை போகும் முன் மாஸ்டர் திருத்திக்கொள்ளலாம். பேக்கிங்குக்கு முன்னால் பார்த்தால் அதற்குள் நாலு தொட்டி ஓடியிருக்கும்.

தனிச்சேலைக் குறைக்கு மாதிரி எடுப்பது உதவாது. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி, 51 முதல் 90 வரை உருப்படி உள்ள லாட்டுக்கு (ஒரே தொகுதிக்கு) வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனையில் 13 உருப்படி எடுப்பார்கள். 60 சேலை லாட்டில் 3 சேலை கலங்கியிருந்தால், அந்த 13-ல் ஒன்றுகூட மாட்டாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. சாயத்துக்குப் பிறகு கண்டுபிடித்தாலும் கலங்கிய புள்ளியை மீட்க முடியாது, தள்ளுபடிக்குத்தான் போகும். முடிச்சு முடிந்து துணி திரும்பி வந்த இடத்தில், சாயத்துக்கு முன்னால், ஒவ்வொரு சேலையாகக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தளர்ந்த முடிச்சு விரலுக்கே தெரியும், அங்கேயே இறுக்கிவிடலாம்.

நேரக் கணக்கையும் போட்டுவிடுவோம். கடைசியில் விரித்துப் பார்க்கச் சேலைக்கு 6 நிமிடம் என்றால் 60 சேலைக்கு 6 மணி நேரம், 13 சேலைக்கு 78 நிமிடம். முடிச்சு தடவிப் பார்க்கச் சேலைக்கு 2 நிமிடம் வைத்தால் 2 மணி நேரம். இடத்தை மாற்றியதில் செலவும் குறைந்தது, குறையும் மாட்டியது.

ஆகவே 'செக்கிங்' என்ற ஒற்றைச் சுவிட்சை எடுத்துவிட்டு மூன்றாகப் போடுங்கள்: முடிச்சுப் பார்வை, தொட்டிப் பார்வை, கடைசிப் பார்வை. கைமுடிச்சு ஆர்டருக்கு முதல் இரண்டும் கட்டாயம். மெழுகு அச்சுக்கு முதலாவது தாண்டப்படும். ரிஜெக்ட் ஆனால் எங்கே திரும்பிப் போகும் என்ற கோட்டையும் மறக்காதீர்கள். எல்லா ரிஜெக்ட்டும் ஆர்டர் மேஜைக்கே போகும்படி வரைந்த படங்கள் நிறைய உண்டு. தளர்ந்த முடிச்சு, முடிச்சு போட்ட அக்காவிடமே திரும்பினால்தான் அடுத்த முறை கட்டு இறுகும்.

அறிகுறி: படிகளைச் சுருக்கியும் டெலிவரி நாள் குறையவில்லை

நாள் போவது வேலையில் இல்லை, காத்திருப்பில். லிட்டில் விதி என்ற எளிய கணக்கு இருக்கிறது: உள்ளே தேங்கிய எண்ணிக்கையை ஒரு நாளில் வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி நாள். வரத்தும் போக்கும் ஏறக்குறைய சமமாக ஓடும் காலத்துக்குப் பொருந்தும். பட்டறையில் 240 சேலை பல நிலைகளில் கிடக்கிறது, ஒரு நாளைக்கு 12 வெளியேறுகிறது என்றால் 20 நாள். 15 நாள் வேண்டுமென்றால் தேக்கம் 180-க்கு இறங்க வேண்டும், இல்லையேல் வெளியேற்றம் 16-க்கு ஏற வேண்டும். கஞ்சி போடும் நேரத்தில் அரை மணி மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. புது ஆர்டரை உள்ளே விடும் இடத்தில் எண்ணிக்கை வரம்பு வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சேலை காயாது, அந்த இரண்டு மாதத்துக்கு வேறு எல்லை தேவை. அதை வாடிக்கையாளரிடம் முன்பே ஒத்துக்கொண்டு மாடலில் பருவம் என்ற மாறியாக வையுங்கள்.

அறிகுறி: ஒருவர் திருப்தி, இன்னொருவர் முறைக்கிறார்

ஏற்றுமதியாளருக்காக நிற ஒப்புதலை 'முதலில்' ஆக்கினால் கடைக்காரருக்கு நாள் கூடுகிறது. இதில் எது சரி என்று வாதாட வேண்டாம். சுவிட்சின் ஒவ்வொரு நிலைக்கும் எதிரே ஒவ்வொரு தேவையையும் வைத்துக் கட்டம் போடுங்கள்: நன்றாக உதவும், கொஞ்சம் உதவும், கொஞ்சம் கெடுக்கும், அடியோடு கெடுக்கும். 'இணையாக' என்பது வேகத்துக்கு நன்றாக உதவும், நிறப் பொருத்தத்துக்குக் கொஞ்சம் உதவும், பட்டறையின் செலவைக் கொஞ்சம் கெடுக்கும், ஏனென்றால் ஒப்புதல் மறுக்கப்பட்டால் சில வேளை முடிச்சு வேலையும் வீண். யாருக்கு எந்தத் தேவை எவ்வளவு முக்கியம் என்று 10 புள்ளியைப் பங்கிட்டுத் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் 10 கேட்பார்கள், விடாதீர்கள்.

சட்டம் சொல்வதை மட்டும் இந்தக் கட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது. இந்தியாவிலேயே தடை செய்யப்பட்ட அசோ சாயங்கள் உண்டு, அவற்றை விலக்குவது எந்த வாடிக்கையாளருக்கும் சுவிட்ச் ஆகாது. ஐரோப்பாவுக்குப் போகும் துணியில், அந்தச் சாயங்களிலிருந்து வெளிவரும் தடை செய்யப்பட்ட அமீன் என்ற வேதிப்பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பு இருக்கிறது. அதை நிரூபிக்கும் ஆய்வக அறிக்கை வேண்டுமா என்பதுதான் சுவிட்ச். சாயம் எது என்பது மாடலில் நிலையாக எழுதப்பட வேண்டியது.

அறிகுறி: நினைவூட்டல் போனது, வேலையும் காணாமல் போனது

டைமர் தவறான வகை. படியின் ஓரத்தில் ஒட்டும் டைமர் வட்டம் முழுக்கோட்டில் இருந்தால், நேரம் ஆனதும் அந்தப் படியையே நிறுத்திவிடும். விட்டுவிட்டு வரும் கோட்டில் இருந்தால், படி நடந்துகொண்டிருக்க நினைவூட்டல் மட்டும் தனியாகப் போகும். முடிச்சுக்குக் கொடுத்து 8 நாள் ஆனால் போன் போட இரண்டாவது வகைதான் வேண்டும்.

கால அளவு எழுதும் முறையிலும் ஒரு கண்ணி. 30 நிமிடத்துக்கு PT30M, அதாவது பி, டி, 30, எம் என்று எழுத வேண்டும். நடுவில் அந்த டி விட்டுப்போனால் 30 மாதம். நினைவூட்டல் வரவே இல்லை என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். இரண்டு நாள் என்று எழுதினால் ஞாயிறும் அதில் சேரும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் சேரும். வேலை நாள் கணக்கு வேண்டுமென்றால் விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத் தேதி கணக்கிடும் படி ஒன்றை டைமருக்கு முன்னால் வைக்க வேண்டும்.

அறிகுறி: மாடலில் ஒப்புதல் நிலுவையில் நிற்கிறது, சேலை ஏற்கெனவே சாயத்தில்

வாட்ஸ்அப்பில் படம் போய், 'ஓகே' வந்துவிட்டது. ஆட்களைத் திட்டிப் பயனில்லை, மாடலின் வழி அவர்களுக்கு நீளமாக இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியையே உள்வரும் செய்தி நிகழ்வாக வரைந்து, படமும் பதிலும் ஆர்டர் எண்ணோடு சேமிக்கப்படும்படி செய்யுங்கள். அதோடு, போன் திரையில் அரக்குச் சிவப்பு ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். படத்தை வைத்து ஒப்புதல் என்பது புள்ளி அமைப்புக்குச் சரி, நிறத்துக்குச் சரியில்லை. நிறப் பொருத்தம் தேவைப் பட்டியலில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் துணித்துண்டு கூரியரில் போக வேண்டும். அந்த இரண்டு மூன்று நாள் 15 நாள் கணக்கில் சேருமா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஈ-வே பில் சில நேரம் வருகிறது, சில நேரம் விடுகிறது

ஈ-வே பில் என்பது சரக்கு அனுப்பும்போது ஜிஎஸ்டி விதிப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டு. அது எப்போது வேண்டும் என்ற முடிவு விதிகளைக் கேட்வேக்குள் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். வெளியே எடுத்து முடிவு அட்டவணையாகப் போடுங்கள். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேல். ஜாப் ஒர்க்குக்காக வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவானாலும் வேண்டும். வழக்கமாகத் தவறும் இடம், ஒப்பிடும் தொகை. சரக்கு மதிப்பில் வரியும் சேரும். 98,000 ரூபாய் பருத்திச் சேலைக்கு 5 சதவீதம் சேர்த்தால் 1,02,900. வரிக்கு முந்தைய தொகையைப் படிக்கும் மாடல் இந்தப் பண்டலைச் சீட்டில்லாமல் மாட்டுத்தாவணியைத் தாண்டி அனுப்பிவிடும். 'மேல்' என்பதையும் 'அல்லது அதற்கு மேல்' என்பதையும் எல்லைத் தொகை கொடுத்தே சோதியுங்கள்: 50,000, 50,001, 1,00,000, 1,00,001.

அறிகுறி: புது அமைவு போட்டாச்சு, பழைய ஆர்டர்கள் பழையபடியே ஓடுகின்றன

இது கோளாறு அல்ல. வரைபடத்தை அப்படியே ஓட்டும் கமுண்டா போன்ற மென்பொருள் எஞ்சின்களில், தொடங்கிய ஆர்டர் தொடங்கிய பதிப்பிலேயே ஓடும். நீங்களாக மாற்றினால்தான் மாறும். மாற்றும் முன் எந்தப் படியில் எத்தனை ஆர்டர் நிற்கிறது என்று எண்ணுங்கள். சாயத்தைத் தாண்டியவற்றைப் பழைய பதிப்பிலேயே முடிய விடுங்கள். முடிச்சில் இருப்பவற்றை மட்டும் நகர்த்துங்கள். டோக்கன் ஏற்கெனவே கடந்துவந்த வழியில் புதிதாகச் சேர்த்த படி அந்த ஆர்டர்களுக்கு நடக்காது. முடிச்சுப் பார்வையை இப்போதுதான் சேர்த்தீர்கள் என்றால், முடிச்சு முடிந்து சாயத்துக்குக் காத்திருக்கும் மூட்டைகளை ஒரு முறை கையால் பிரித்துத் தடவிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.